தகடூரிலிருந்து ஜெனீவா வரை

தமிழ் இலக்கியத்தில் அரசியல் தூது சென்ற பெண்மணி யார் என்று வகுப்பில் கேட்டால் எல்லாக் கைகளும் உயர்கின்றன. ஔவையார் என்று விடையும் வருகிறது. எந்த ஊரிலிருந்து தூது சென்றார் என்று அடுத்து வினவினால் பாதிக் கைகள் இறங்கி விடுகின்றன. நம் தருமபுரியிலிருந்துதான்! தகடூர் என்பது இவ்வூரின் பழம்பெயர். அதியமான் நெடுமான் அஞ்சி இங்கிருந்து ஆண்டபோது, காஞ்சியில் இருந்த தொண்டைமானிடம் அவனுக்காகத் தூது சென்றவர் ஔவையார். (சிறு வகுப்பில் நாம் மனப்பாடம் செய்யும் ஆத்திசூடியைப் பாடிய ஔவையார் பிற்காலத்தவர் என்பது அறிஞர் கருத்து. இருவரையும் ஒருவராக எண்ணிக் குழம்ப வேண்டாம்.)

தொண்டைமான் தன் படைக்கலக் கொட்டிலை ஔவையாருக்குச் சுற்றிக் காட்டினான். எண்ணெய் பூசி, மயில் தோகை சூட்டி, காவலிட்டு வைத்த புத்தம் புதிய ஆயுதங்கள்! ஔவையார் சண்டை போடவில்லை, பயப்படவும் இல்லை. உங்கள் ஆயுதங்கள் மிக அழகாக உள்ளன, எங்கள் மன்னனுடையவையோ நுனி முறிந்து கொல்லன் பட்டறையில் கிடக்கின்றன என்ற பொருளில் ஒரு பாட்டுச் சொன்னார். புறநானூற்றின் 95ஆம் பாட்டு அது. புகழ்வது போல ஒரு சொல். அதற்குள் ஓர் எச்சரிக்கை. போர் பழகிய படை எது, பழகாத படை எது என்பதைக் கேட்டவன் தானே கணக்கிட்டுக் கொள்ளும்படி விட்டுவிட்டார். தூதருடைய தொழில் இன்றும் ஏறக்குறைய இதுவே.

இத்தொழிலைப் பற்றியும், அதற்கு இளைஞரை ஆயத்தம் செய்யும் உதவித்தொகைகளைப் பற்றியும் இக்கட்டுரையில் காண்போம். டாக்டர், என்ஜினீயர், டீச்சர், நர்ஸ் என்ற நான்கு பதில்களையே ஆண்டுதோறும் கேட்டுவரும் வரலாற்று ஆசிரியைகளாகிய எங்களுக்கு, ஐந்தாவதாக ஒன்றைச் சொல்லிப் பார்க்க வேண்டும் என்று நெடுநாள் ஆசை.

பன்னாட்டுப் பாதுகாப்பு, பொதுக் கொள்கை என்ற பெயர்கள் பெரிதாக ஒலிக்கின்றன. டெல்லிக்கும் நியூயார்க்குக்கும் உரியவை, பென்னாகரத்துக்கும் பாலக்கோட்டுக்கும் இவற்றோடு என்ன உறவு என்று தோன்றும். ஒரு குவளைத் தண்ணீரை எடுத்துக் கொள்வோம். நம் மாவட்டத்தில் பல ஊர்களின் ஆழ்துளைக் கிணற்று நீரில் ஃபுளோரைடு அளவுக்கு மிஞ்சி உள்ளது. ஒரு லிட்டருக்கு 1.5 மில்லிகிராமைத் தாண்டினால் பற்களில் காவி படிகிறது. இன்னும் கூடினால் எலும்பும் மூட்டும் கெடுகின்றன. நம் பாட்டிமார் இதைத் தலைவிதி என்றே எண்ணி வந்தனர். காவிரியோ ஒகேனக்கல்லில் கண்ணெதிரே விழுந்து ஓடிக்கொண்டிருந்தது!

அந்த நீரைக் குழாயில் கொண்டுவர என்னவெல்லாம் வேண்டியிருந்தது என்று பாருங்கள். நீரில் என்ன இருக்கிறது என்று சோதித்துச் சொல்ல வேதியியல் படித்தவர் வேண்டும். காவிரி இரு மாநிலத்து ஆறு. ஆகவே கர்நாடகத்துடன் 1998இல் ஓர் உடன்பாடு வேண்டியிருந்தது. பணத்திற்கு ஜப்பான் நாட்டின் கடனுதவி வேண்டியிருந்தது. அதற்கு இரு நாட்டு அரசுகளும் பேச வேண்டும். 2008இல் அடிக்கல் நாட்டியபின் கர்நாடகத்தில் எதிர்ப்பு எழுந்து, அங்கே தேர்தல் முடியும்வரை வேலையைத் தள்ளிவைக்க நேர்ந்தது. இவ்வளவையும் கடந்து, சுமார் 1,928 கோடி ரூபாய்ச் செலவிலான ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் 2013ஆம் ஆண்டு திறக்கப்பட்டது. குழாய் பதித்தவர்களை நாம் கண்டோம். உடன்பாட்டின் ஒவ்வொரு சொல்லையும் எடை போட்டு எழுதியவர்களை நாம் காணவில்லை. அவர்கள் செய்ததுதான் பொதுக் கொள்கை. நாடுகளுக்கிடையே எல்லை, ஆறு, கடல், ஆயுதம் ஆகியவை பற்றி இதே வேலையைச் செய்வது பன்னாட்டுப் பாதுகாப்பு.

இனி, இத்துறையில் முதலில் கால் வைத்த பெண்களைப் பார்ப்போம்.

குடகு நாட்டு வீராஜ்பேட்டையில் 1924ஆம் ஆண்டு பிறந்தவர் சி. பி. முத்தம்மா. வனத்துறை அதிகாரியாக இருந்த தந்தை, இவருக்கு ஒன்பது வயதாகும்போது இறந்துவிட்டார். நான்கு பிள்ளைகளையும் படிக்க வைத்தே தீருவது என்று தாய் உறுதி கொண்டார். மடிக்கேரியில் புனித சூசையப்பர் பெண்கள் பள்ளியில் முத்தம்மா படித்தார். பிறகு சென்னை மகளிர் கிறிஸ்தவக் கல்லூரி; அதன் பின் மாநிலக் கல்லூரியில் ஆங்கில இலக்கியத்தில் எம்.ஏ. 1948இல் மத்திய அரசுப் பணியாளர் தேர்வை வென்று, 1949இல் இந்திய வெளியுறவுப் பணியில் சேர்ந்த முதல் பெண் ஆனார். நேர்முகத் தேர்வில் இந்தப் பணி உனக்கு வேண்டாம் என்று மனத்தைக் கலைக்கப் பார்த்தனர். சேரும்போது, திருமணம் செய்துகொண்டால் வேலையை விட்டுவிடுவேன் என்று எழுதிக் கையொப்பமிடச் செய்தனர். உடன் சேர்ந்த ஆண்கள் எவரும் அப்படி எழுதிக் கொடுக்கவில்லை!

1961ஆம் ஆண்டு விதிகள் இதைச் சட்டமாகவே எழுதி வைத்தன. வெளியுறவுப் பணியிலுள்ள பெண் திருமணம் செய்ய அரசின் அனுமதி பெற வேண்டும். குடும்பப் பொறுப்பு வேலைக்கு இடையூறு என்று அரசு கருதினால் அவரை விலகச் சொல்லலாம். மணமான பெண் இப்பணியை உரிமையாகக் கோர இயலாது. முத்தம்மா 1970இல் ஹங்கேரி நாட்டுக்குத் தூதராகச் சென்றார். இப்பணியிலிருந்து தூதரான முதல் பெண்மணி அவரே. ஆயினும் உயர்பதவி தரும் நேரத்தில் அவரைத் தாண்டிச் சென்றனர். அவர் உச்சநீதிமன்றத்தை நாடினார். மேற்சொன்ன விதிகளுள் ஒன்று முன்னரே நீக்கப்பட்டிருந்தது. மற்றதையும் நீக்கப் போவதாக அரசு நீதிமன்றத்தில் கூறியது. வழக்கு நடந்துகொண்டிருக்கும்போதே அவருக்குப் பதவி உயர்வும் கிடைத்தது. ஆகவே 1979 செப்டம்பரில் வழக்கை முடித்து வைத்த நீதிபதி வி. ஆர். கிருஷ்ணய்யர், அதோடு நிற்காமல், பெண்களைத் தாழ்த்தும் எல்லாப் பணி விதிகளையும் அரசு திருத்த வேண்டும் என்று தீர்ப்பில் எழுதினார். சட்டம் படிக்க விரும்பும் மாணவியர் இத்தீர்ப்பைத் தேடிப் படிக்கலாம். சில பக்கங்கள்தாம்.

அதற்கடுத்த ஆண்டு சுவீடனின் ஓலாஃப் பால்மே தலைமையில் படைக்கலக் குறைப்பு, பாதுகாப்பு பற்றிய தனிப்பட்ட ஆணையம் ஒன்று அமைந்தது. அமெரிக்கா, சோவியத் நாடு, நைஜீரியா, மெக்சிகோ எனப் பல நாட்டுப் பெரியவர்கள் அமர்ந்த அந்த மேசையில் இந்தியாவிலிருந்து அமர்ந்தவர் முத்தம்மா. பகைவனை அச்சுறுத்தி எவரும் பாதுகாப்புப் பெற இயலாது, இருவரும் சேர்ந்துதான் பெற முடியும் என்பதே 1982இல் அவ்வாணையம் தந்த அறிக்கையின் சாரம். குடகு மலையில் தந்தையை இழந்து வளர்ந்த சிறுமி, அணு ஆயுத வல்லரசுகளுக்கு அறிவுரை கூறும் ஆணையத்தில்!

இன்னொருவர் நமக்கு இன்னும் அருகில் இருந்தவர். கேரளத்தில் பிறந்து, கோழிக்கோட்டிலும் சென்னையிலும் படித்த அன்னா ராஜம் ஜார்ஜ், 1951இல் இந்திய ஆட்சிப் பணியில் சேர்ந்த முதல் பெண். அவர் சப் கலெக்டராகப் பணியாற்றிய ஊர்களில் ஒன்று ஓசூர். அன்று அது சேலம் மாவட்டம். 1965இல் தருமபுரி மாவட்டம் பிரிந்தபோது நம்மோடு வந்து, 2004இல் கிருஷ்ணகிரி மாவட்டத்துக்குப் போயிற்று. நேர்முகத் தேர்வில் அவரிடமும், ஆட்சிப் பணி பெண்ணுக்கு ஒவ்வாது, வெளியுறவுப் பணியோ வேறு மத்தியப் பணியோ எடுத்துக்கொள் என்றார்களாம். முத்தம்மாவை வெளியுறவுப் பணி வேண்டாம் என்று தடுத்தது நினைவிருக்கிறதல்லவா? எந்தக் கதவைத் தட்டினாலும் அடுத்த கதவைக் காட்டும் வழக்கம் அன்றே இருந்தது. அவருடைய நியமன ஆணையிலும் திருமணமானால் பணி முடிந்துவிடும் என்ற வாசகம் இருந்தது. அவர் குதிரையேற்றமும் துப்பாக்கி சுடுதலும் பழகித் தேறினார். ஓசூர்ப் பக்கம் யானைகள் ஊருக்குள் நுழைந்தபோது, சுட வேண்டாம் என்று தடுத்துக் காட்டுக்குள் திருப்பி அனுப்பச் செய்தார் என்று சொல்வர். அந்தக் காடுகளையும் யானைகளையும் நம் பிள்ளைகளுக்கு நாங்கள் விளக்க வேண்டியதில்லை.

ஜெனீவா என்று தலைப்பில் எழுதிவிட்டோம், அங்கேயும் செல்வோம். 1963இல் வெளியுறவுப் பணியில் சேர்ந்த அருந்ததி கோஷ், 1996இல் ஜெனீவாவில் இந்தியாவின் நிரந்தரப் பிரதிநிதி. அணுகுண்டுச் சோதனைகளை முற்றிலும் தடை செய்யும் ஒப்பந்தம் அங்கே பேசப்பட்டது. சோதனைத் தடை நல்லதுதானே, இந்தியா ஏன் மறுத்தது என்று மாணவியர் கேட்பதுண்டு. ஏற்கெனவே ஆயிரக்கணக்கில் குண்டு வைத்திருப்பவர்கள் அவற்றை எப்போது ஒழிப்பார்கள் என்று ஒரு காலவரை ஒப்பந்தத்தில் இல்லை என்பது இந்தியாவின் வாதம். ஏறத்தாழ எல்லா நாடுகளும் ஒரு பக்கம் நிற்க, மறுபக்கம் நின்று அவ்வாதத்தை எடுத்துரைத்தவர் அருந்ததி கோஷ். அவர் கூறியது சரியா என்பதில் இன்றும் கருத்து வேறுபாடு உண்டு; எங்கள் ஆசிரியர் அறையிலேயே உண்டு. ஆனால் விதியின் ஒவ்வொரு வரியையும் படித்துவிட்டு எழுந்து நின்றார் என்பதில் எவருக்கும் ஐயமில்லை. ஒப்பந்தம் அவ்வாண்டே ஐ.நா. பொதுச் சபையில் நிறைவேறிய போதிலும், இதுநாள்வரை நடைமுறைக்கு வரவில்லை.

இத்தகைய வாதத்திற்கு இளந்தூதர்களைப் பழக்கவே ஐக்கிய நாடுகள் சபை ஓர் ஏற்பாடு செய்திருக்கிறது. படைக்கலக் குறைப்பு ஃபெல்லோஷிப் என்று பெயர். 1978ஆம் ஆண்டு பொதுச் சபையின் சிறப்புக் கூட்டத்தில் முடிவு செய்யப்பட்டது. பல நாட்டு அரசுகள் அனுப்பும் இளம் அதிகாரிகளைச் சேர்த்து ஜெனீவா, வியன்னா, நியூயார்க் முதலிய இடங்களுக்கு அழைத்துச் செல்வர். ஹிரோஷிமாவுக்கும் நாகசாகிக்கும் கூட்டிச் சென்று, குண்டு விழுந்த இடத்தையே காட்டுவர். புத்தகத்தில் படிப்பதற்கும் அங்கே நிற்பதற்கும் உள்ள வேற்றுமையை நாங்கள் எழுதித் தெரிவிக்க இயலாது.

ஃபெல்லோஷிப் என்ற சொல்லை இங்கே விளக்கிவிட வேண்டும். ஸ்காலர்ஷிப் என்பது படிப்புக்குத் தரும் உதவி. ஃபெல்லோஷிப் என்பது பெரும்பாலும், படித்து முடித்தவருக்கு ஊதியம் போல மாதந்தோறும் பணம் தந்து, ஓர் ஆய்வையோ வேலையையோ செய்யப் பழக்குவது. வீட்டிலிருந்து பணம் கேட்காமல் வேலை கற்கலாம் என்பதே இதன் சிறப்பு. தந்தை கூலி வேலை செய்தாலும் மாங்காய்த் தோப்பைக் குத்தகை எடுத்திருந்தாலும், தேர்வில் எல்லோருக்கும் ஒரே மேசை.

நம் மாணவியருக்கு மிக அருகிலுள்ளது தமிழ்நாடு முதலமைச்சரின் புத்தாய்வுத் திட்டம். 2022இல் தொடங்கப்பட்டது. முப்பது பேர் வரை எடுத்து, இரண்டாண்டுகள் அரசுத் துறைகளோடு இணைந்து திட்டங்களைக் கண்காணிக்கும் வேலை தருவது. திருச்சியிலுள்ள பாரதிதாசன் மேலாண்மை நிறுவனத்தின் துணையோடு பொதுக் கொள்கைப் பயிற்சியும் உண்டு. பொறியியல், மருத்துவம், சட்டம், வேளாண்மை போன்ற தொழிற்படிப்பில் முதல் வகுப்பு, அல்லது கலை, அறிவியலில் முதல் வகுப்பு முதுகலை கேட்டார்கள். வயது 22 முதல் 30. தமிழறிவு கட்டாயம் என்பதைத் தமிழ் வழியில் படிக்கும் பிள்ளைகள் கவனிக்கவும்.

டெல்லியில் பி.ஆர்.எஸ். என்ற நிறுவனம் 2010 முதல் நடத்தும் லாம்ப் என்ற ஃபெல்லோஷிப் எங்களுக்கு மிகவும் பிடித்தது. ஏதேனும் ஒரு பட்டம் பெற்ற, இருபத்தைந்து வயதைத் தாண்டாத இளைஞர், ஒரு பாராளுமன்ற உறுப்பினரிடம் ஓராண்டளவு உதவியாளராக இருப்பார். மசோதாவைப் படித்துக் குறிப்பெடுப்பது, சபையில் கேட்கக் கேள்வி எழுதித் தருவது ஆகியவை அவர் வேலை. மொரப்பூரிலிருந்து தருமபுரிக்கு வந்த ரயில் பாதை இரண்டாம் உலகப் போரின்போது பெயர்த்தெடுக்கப்பட்ட கதையை வகுப்பில் சொல்லியிருக்கிறோம். அது திரும்ப வேண்டும் என்று எத்தனை ஆண்டுகளாகக் கேட்டு வருகிறோம்! அப்படியொரு கேள்வியை உரிய புள்ளிவிவரத்தோடு எழுதும் கை, நம் மாணவி ஒருத்தியின் கையாக இருந்தால் என்ன?

ஆய்வு செய்ய விரும்புவோர்க்குப் பல்கலைக்கழக மானியக் குழுவின் ஜே.ஆர்.எஃப். உண்டு. நெட் தேர்வில் பாதுகாப்பு மற்றும் போர்த்திற ஆய்வு, பன்னாட்டு உறவு ஆகியன தனிப் பாடங்கள். 2023 முதல் மாதம் 37,000 ரூபாய். பொது வயது வரம்பு முப்பது. பெண்களுக்கு ஐந்தாண்டுச் சலுகை. சென்னைப் பல்கலைக்கழகத்தில் இப்பாடத்துக்குத் தனித்துறை இருக்கிறது. டெல்லியில் 1955இல் சப்ரு இல்லத்தில் தொடங்கி, 1970இல் ஜவாஹர்லால் நேரு பல்கலைக்கழகத்தோடு இணைந்த பன்னாட்டு ஆய்வுப் பள்ளி புகழ்பெற்றது. வெளிநாட்டுப் படிப்புக்குப் பிரிட்டனின் செவனிங், காமன்வெல்த் உதவித்தொகைகள், அமெரிக்காவுக்கு ஃபுல்பிரைட்-நேரு ஆகியவை உள்ளன. செவனிங்குக்கு இரண்டாண்டும் ஃபுல்பிரைட் முதுகலைக்கு மூன்றாண்டும் வேலை அனுபவம் கேட்பர். ஆக்ஸ்போர்டின் ரோட்ஸ் உதவித்தொகையைப் பற்றி ஒரு செய்தி: பெண்களுக்கு அதன் கதவு திறந்தது 1977இல்தான்.

குடிமைப் பணித் தேர்வு எழுத வயது 21 முதல் 32. பொதுப் பிரிவினருக்கு ஆறு முறை. முதன்மைத் தேர்வையும் நேர்முகத் தேர்வையும் தமிழிலேயே சந்திக்கலாம் என்பது பலருக்குத் தெரிவதில்லை. நான் முதல்வன் திட்டத்தில் 2023 முதல், தேர்ந்தெடுத்த ஆயிரம் பேருக்கு மாதம் 7,500 ரூபாய் வீதம் பத்து மாதங்கள் தரும் ஏற்பாடு வந்தது. இவற்றின் விதிகளும் தொகையும் ஆண்டுக்காண்டு மாறக்கூடியவை. விண்ணப்பிக்கும் ஆண்டின் அறிவிப்பையே நம்ப வேண்டும்.

பெற்றோரே, மேலே வந்த வயதுகளைத் தயைகூர்ந்து இன்னொரு முறை பாருங்கள். இருபத்தொன்று, இருபத்திரண்டு, இருபத்தைந்து, முப்பது. இந்த உதவித்தொகைகள் எல்லாம் திறந்திருப்பது சரியாக எந்த ஆண்டுகளில் நம் வீடுகளில் பெண்ணின் ஜாதகம் கைமாறுகிறதோ அந்த ஆண்டுகளில்! சில வீடுகளில் அதற்கும் முன்பே. மேனிலைத் தேர்வில் எங்களைப் பெருமைப்படுத்திய பிள்ளைகளுள் சிலர், மறு ஆண்டு மதிப்பெண் பட்டியல் வாங்க வரும்போது கல்யாணப் பத்திரிகையோடு வந்திருக்கிறார்கள். வாழ்த்தத்தான் செய்தோம். ஆனால் அன்று மாலை ஆசிரியர் அறையில் பேச்சு அதிகமில்லை. 2011 கணக்கெடுப்பில் எழுத்தறிவில் மாநிலத்தின் கடைசி மாவட்டம் நம்முடையது, நூற்றுக்கு 68.54 பேர். அந்த மாவட்டத்திலிருந்து பன்னிரண்டாம் வகுப்பு வரை ஏறிவந்த பெண் எவ்வளவு தூரம் நடந்திருக்கிறாள் என்று எண்ணிப் பாருங்கள்.

முத்தம்மாவிடம் அரசு எழுதி வாங்கிய தாள் கிழிந்து நாளாயிற்று. மணமானால் வேலை போகும் என்று சொல்லும் சட்டம் இன்று ஏதுமில்லை. மணமான பின்பும் தேர்வு எழுதி வென்றவர்கள் உண்டு. அதற்குப் புகுந்த வீட்டின் மனம் வேண்டும், அது எல்லோருக்கும் அமைவதில்லை. ஆகவே நாங்கள் கேட்பது பெரிய வரம் அன்று. பட்டம் முடித்த பின் மூன்றே மூன்று ஆண்டுகள். செலவைப் பற்றி அஞ்சுவோர், புதுமைப் பெண் திட்டத்தில் கல்லூரிப் படிப்புக்கு மாதம் 1,000 ரூபாய் தரத் தொடங்கியதையும், 2024 இறுதியில் அது அரசு உதவிபெறும் பள்ளிகளில் தமிழ் வழியில் படித்த மாணவியருக்கும் நீட்டிக்கப்பட்டதையும் கேட்டறியுங்கள்.

மாணவியர் இப்போதே செய்யத்தக்கவை சில. எந்தப் பாடப் பிரிவில் இருந்தாலும் நாள்தோறும் ஒரு தமிழ்ச் செய்தித்தாளும், வாரத்தில் மூன்று நாளாவது ஓர் ஆங்கிலச் செய்தித்தாளும் தலையங்கத்தோடு படியுங்கள். நம் நூலகத்தில் இரண்டும் வருகின்றன. சினிமாப் பக்கம் மட்டும் கசங்கியிருப்பதை நூலகப் பொறுப்பாளரான அருட்சகோதரி அடிக்கடி சுட்டிக்காட்டுகிறார்கள்! ஒரு செய்தியை எடுத்து, அது யாருடைய முடிவு, யாருக்கு நன்மை, யாருக்கு இழப்பு, வேறு வழி இருந்ததா என்று அரைப் பக்கம் எழுதிப் பழகுங்கள். உலக வரைபடத்தில் மலாக்கா நீரிணையையும் ஹோர்முஸ் நீரிணையையும் கண்ணை மூடிக்கொண்டு காட்டும் அளவுக்குப் பழகுங்கள். ஆங்கிலம் பேசக் கூச்சப்பட வேண்டாம். தூதர்கள் கூட்டத்தில் இலக்கணப் பிழையைவிட, படிக்காமல் வருவதே பெருங்குறை.

கடைசியாக ஒரு சிறிய காரியம், சிறியதென்று தள்ளிவிடாதீர்கள். ஆதார் அட்டை, பத்தாம் வகுப்பு மதிப்பெண் சான்றிதழ், சாதிச் சான்றிதழ் ஆகிய மூன்றிலும் உங்கள் பெயர், தலைப்பெழுத்து, பிறந்த தேதி ஒன்றுபோல இருக்கின்றனவா என்று இன்றிரவே எடுத்து வைத்துப் பாருங்கள். ஒன்றில் ஞானஸ்நானப் பெயரும் மற்றொன்றில் வீட்டுப் பெயருமாக இருப்பவர்கள் நம்மிடையே பலர். விண்ணப்பத்திற்கு இரண்டு நாள் இருக்கும்போது இதற்காகத் தாலுகா அலுவலகத்துக்கும் தேர்வுத் துறைக்கும் ஓடுவது வீண். பத்தாம் வகுப்பு மாணவியர், பொதுத் தேர்வுப் பெயர்ப்பட்டியல் சரிபார்க்க வரும் நாளில் பெற்றோர் ஒருவரையும் உடன் அழைத்து வரவும். திருத்த வேண்டியவர்கள் அன்றே வகுப்பாசிரியையிடம் எழுதிக் கொடுத்துவிடலாம்.